மாடி வீட்டுக்கு ஒரு வாடகை ஒப்பந்தம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கணவர் காலமாகிவிட்டார்; மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். எட்டு மாதங்களுக்கு முன்பு என் வீட்டு மாடியில் ஓர் இலங்கைத் தமிழ்க் குடும்பத்தைக் குடிவைத்தேன். குறிஞ்சிப்பாடி முகாமில் இருந்தவர்கள். பெயிண்டராக இருந்த கணவர், வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார். மனைவிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். 1990இல் சிறுமியாகப் படகில் வந்தவள். பிளஸ் டூ முடித்த மகள், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகன், வயதான தாயார் ஆகியோர் உடன் இருக்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். பாட்டி ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, 1977 கலவரத்துக்குப் பிறகு வவுனியாவுக்கு வந்தவராம்.

அவர்களிடம் வாடகை வாங்க மனம் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தானாகவே இறங்கி வந்து என் பாத்திரங்களைத் துலக்கி, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுப் போகிறாள். சொன்னால் கேட்பதில்லை. மகள் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். தெரிந்த ஒருவர், வாக்காளர் அட்டை ஒன்று எடுத்துவிட்டால் எல்லாம் சுலபமாகிவிடும், செலவை மட்டும் கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? பாட்டி யாரோடும் பேசுவதில்லை. போன மாதம் தெருவில் சாவு ஊர்வலம் போனபோது வெடிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை மகளிர் குழுவுக்கும் கோயிலுக்கும் கூப்பிட்டுப் பார்த்தேன். வருவாள், ஓரமாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவாள். அக்கம்பக்கத்தில் ஜாடை பேசுகிறார்கள். என் மகனோ, "போலீஸ் வம்பு வரும்" என்று பயப்படுகிறான். இவர்கள் நம்மோடு கலந்துவிட நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அம்மாவுக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்காளர் அட்டை வேண்டாம். அந்த மனிதரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் பணம் போனால் போகட்டும், அந்த வீட்டு மகள் எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலில் இந்தியக் குடிமக்கள் மட்டுமே இருக்க முடியும். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. பெயர் சேர்க்கப் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 31ஆம் பிரிவு. உறுதிமொழியில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் நண்பர் அல்ல, பள்ளியை விட்டு இப்போதுதான் வெளியே வந்த ஒரு பெண். இங்கே பிறந்தவள்தானே என்று கேட்பீர்கள். பிளஸ் டூ இப்போது முடித்தவள் என்றால் 2007 வாக்கில் பிறந்திருப்பாள். 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்கள் பிறப்பால் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக்கூடாது. 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கு இந்த நிபந்தனை கிடையாது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய் 2022இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்த செய்தியை நீங்களும் படித்திருக்கலாம். அவருக்குக் கிடைத்தது பிறந்த தேதியால். உங்கள் மாடியில் இருக்கும் பெண்ணுக்கு அந்தத் தேதி வாய்க்கவில்லை.

2025 இறுதியில் வீடு வீடாக வந்த, வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தப் படிவத்தை நீங்களும் நிரப்பியிருப்பீர்கள். பழைய பட்டியலில் பெற்றோர் பெயர் எங்கே என்று கேட்டார்கள் அல்லவா? பொய்யாகச் சேர்த்த பெயர் அப்படியொரு கேள்வியின் முன் நிற்காது. நாளைக்கு அவள் முறையாகக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கும்போது, முன்பு பொய் சொன்னவள் என்ற ஒரு குறிப்பு போதும், கோப்பை மூடிவிடுவார்கள். உங்கள் மகன் பயப்படும் போலீஸ் வம்பு வருவதானால் இந்த வழியாகத்தான் வரும்.

மற்றபடி போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை, நாமாகவே போய்ச் சொல்ல வேண்டியதுதான். வெளிநாட்டவரைக் குடிவைத்திருப்பவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது வெளிநாட்டினர் பற்றிய பழைய சட்டத்திலும் உண்டு, புதிய சட்டத்திலும் உண்டு. இதைச் செய்தீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. செய்யாவிட்டால் இந்த வாரமே எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு காவல் துறையின் உளவுப் பிரிவான க்யூ பிரிவிலிருந்து யாராவது விசாரிக்க வந்தாலும் அந்த நகலைக் காட்டி அமைதியாகப் பேசலாம்.

இதைவிடப் பெரியது பதிவு. முகாமை விட்டு முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்களா, இல்லை துக்கத்தோடு துக்கமாகச் சாமான்களைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்களா? முகாமில் அவ்வப்போது வருவாய்த் துறையினர் வந்து ஆள் சரிபார்ப்பார்கள். அதைச் செக்கிங் என்பார்கள். தொடர்ந்து அதில் இல்லாவிட்டால் பெயர் போய்விடும். முகாமுக்கு வெளியே வாழ்வோர் காவல் நிலையத்தில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு வெளிப்பதிவு என்று பெயர். தமிழ்நாட்டில் முகாம் பதிவில் ஏறத்தாழ 58,000 பேர், வெளிப்பதிவில் ஏறத்தாழ 34,000 பேர். உங்கள் குடும்பம் இரண்டு கணக்கிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறதோ என்பதுதான் என் கவலை.

இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவிக்கிறது. பதிவு செய்துகொண்டவர்களை மட்டும். 1990இல் வந்தவர் என்று நீங்களும் நானும் சாட்சி சொல்வதால் பயனில்லை, ஏட்டில் பெயர் இருக்க வேண்டும். ஆகவே அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு முகாமின் வருவாய் ஆய்வாளரையும், தேவையானால் உங்கள் ஊரிலேயே இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில் மறுவாழ்வுப் பிரிவையும் பாருங்கள். பெயர் இருந்தால் தக்கவைப்பது எப்படி என்றும், நீக்கியிருந்தால் மீண்டும் சேர்ப்பதா வெளிப்பதிவுக்கு மாற்றுவதா என்றும் கேட்டு மனு கொடுக்க வேண்டும்.

நீங்கள் கூடப் போங்கள். பேசுவது அவராக இருக்கட்டும். அவர் தயங்கும்போது நீங்கள் வாக்கியத்தை முடித்து வைக்காதீர்கள். ஆசிரியைகளுக்கு இது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், என் தாயாரும் ஆசிரியைதான். மனுவைக்கூட அவருடைய மகள் எழுதட்டும். அடுத்த முறை நீங்கள் ஊரில் இல்லாதபோதும் அவர்கள் அந்தப் படியேறியாக வேண்டும்.

இப்போது வாடகைக்கு வருகிறேன். நீங்கள் இதைக் கேள்வியாகக் கேட்கவே இல்லை, ஆனால் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான்.

வாடகை வேண்டாம் என்றீர்கள், அந்த அம்மா பாத்திரம் துலக்குகிறார். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். நீங்கள் பெரிய மனதோடு செய்தீர்கள். அவருக்கோ அது எப்படி அடைப்பது, எப்போது அடைப்பது என்று தெரியாத கடன். காசில்லாதவர் கடனை உடம்பால் அடைக்கப் பார்க்கிறார். விடியற்காலையில் உங்கள் வாசலில் கோலம் போடும் அந்தக் கையை நீங்கள் அன்பென்று பார்க்கிறீர்கள். அதில் அன்பும் இருக்கலாம். எதிர்வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் அவர் டீச்சர் வீட்டில் தங்கவைத்த வேலைக்காரி. பிளஸ் டூ முடித்த மகள் மாடிப்படியில் நின்று பார்ப்பதும் அதைத்தான். வாடகை கொடுக்காதவரை எந்த நாளும் போகச் சொல்லலாம் என்ற எண்ணம் அவருக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். முகாமில் இருந்தது சின்ன வீடாக இருந்திருக்கலாம். ஆனால் அங்கே யார் வீட்டு முற்றத்தையும் தெளிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

வாடகை பேசுங்கள். ஊர் வாடகையில் பாதியானாலும் சரி, கால்வாசியானாலும் சரி. ஒரு தொகையை அவர் வாயால் சொல்லட்டும். பதினொரு மாதத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். இலங்கைக் குடிமக்கள் இங்கே வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும், ஆனால் ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே இது முற்றிலும் முறையானது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்துவிடுங்கள். மாதாமாதம் ரசீது கொடுங்கள். நீங்கள் காவல் நிலையத்தில் கொடுக்கும் தகவலுக்கும், பையனின் பள்ளிக்கும், வங்கிக்கும், வெளிப்பதிவுக்கும் அந்த ஒப்பந்தம்தான் முகவரிச் சான்று. இந்த எட்டு மாதங்களில் அப்படியொரு தாளை நீங்கள் அவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். வாடகை வேண்டாம் என்று சொன்னதால் அது கிடைக்காமல் போயிற்று.

எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். வெறுங்கையோடு போய், இனி வாடகை கொடுங்கள், பாத்திரத்தைத் தொடாதீர்கள் என்றால், வெளியே போகச் சொல்கிறார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும். ஒப்பந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு நீங்கள் ஏறிப் போங்கள். "இன்னும் பதினொரு மாதம் நீங்கள் இங்கேதான் இருக்கப்போகிறீர்கள், அதற்குப் பிறகும் பேசிப் புதுப்பிக்கலாம். எனக்கும் கணக்கு சரியாக இருந்தால் நிம்மதி" என்று சொல்லுங்கள். பாத்திரம் துலக்க ஆள் வேண்டுமென்றால் வேறு ஒருவரைச் சம்பளத்துக்கு வையுங்கள். அந்த வேலையை அவரே சம்பளத்துக்குக் கேட்டால்? என் யோசனை, வேண்டாம். ஒரே வீட்டில் குடித்தனக்காரராகவும் வேலைக்காரராகவும் இருப்பது பழைய கணக்கையே வேறு பெயரில் எழுதுவதாகிவிடும்.

வாடகைக்குப் பணம் எங்கே என்பீர்கள். முகாம் பதிவு உயிரோடு இருந்தால் அரசின் மாத உதவியான பணக்கொடை வரும். 2021இல் உயர்த்திய கணக்குப்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. நால்வருக்குமாக நாலாயிரத்துக்குக் குறையாது. ரேஷன் அரிசியும் கல்வி உதவியும் தனி. பதிவைக் கவனிக்காமல் விட்டதால் மாதாமாதம் இவ்வளவு இழப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. வேலை செய்த இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த வேலையைக் கொடுத்தவர் யார்? வேலையின்போது நேர்ந்த விபத்தில் தொழிலாளி இறந்தால், வேலை கொடுத்தவரிடம் குடும்பம் இழப்பீடு கேட்கலாம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இது உண்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் உண்டு. தொழிலாளி எந்த நாட்டுக் குடிமகன் என்பது அதில் கேள்வியே இல்லை. இரண்டு ஆண்டுக் கெடு உண்டென்பதால் தள்ளிப்போட வேண்டாம். முகாம் ஆட்கள் தினக்கூலிக்குப் போவார்கள், ஒப்பந்தக்காரர் ஈமச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்து, ஒரு தாளில் கைநாட்டோ கையெழுத்தோ வாங்கியிருப்பார். அப்படி வாங்கியிருந்தாலும் உரிமை போய்விட்டது என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை, காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, கூட வேலை பார்த்தவர்களின் பெயர்கள், இவற்றோடு கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டம் தரும் உரிமை அது.

அதே வழக்கறிஞரிடம் பாட்டியின் டிரங்குப் பெட்டியையும் பற்றிப் பேச வேண்டும். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் மலையகத் தமிழர். பாட்டனோ முப்பாட்டனோ தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர். இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்த பலர், கப்பல் போக்குவரத்து 1984இல் நின்றுபோக, பிறகு படகில் அகதிகளாக வந்து சேர்ந்தார்கள். இந்தியா ஏற்பதாகச் சொன்னவர்களையே அகதி என்று முகாமில் வைத்திருக்கிறது. சட்டத்தின் விந்தைகளில் எனக்கு இன்றும் செரிக்காதது இது. இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், 2019 ஜூனில் மதுரைக் கிளை, அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று ஒதுக்காமல் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது.

ஆகவே பாட்டியிடமோ, அவருடைய பெற்றோர் பெயரிலோ பழைய பாஸ்போர்ட், கண்டியிலிருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் கடிதம், தோட்டத்துப் பிறப்புப் பதிவு, தமிழ்நாட்டுச் சொந்த ஊர்ப் பெயர் உள்ள ஏதாவது ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். ஓடிவந்தவர்களிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைக்காதீர்கள். நகையை விட்டுவிட்டுத் தாளை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று கிடைத்தால், மகளையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிய வாதமே வேறாகிவிடும். இலங்கைப் பக்கமும் ஒரு கதவு இருக்கிறது. இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை, இந்தியாவில் அகதிகளாக இருப்போருக்கும் பொருந்தும்படி 2009இல் அங்கே திருத்தினார்கள்.

இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்பதும் தெரிய வேண்டும். செய்யாவிட்டால் அவர்கள் இப்போதைக்கு இந்த நாட்டுக்கும் இல்லை, அந்த நாட்டுக்கும் இல்லை. இந்தப் பதிவில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. 1984 முதல் முகாம்களில் வேலை செய்கிறவர்கள், குறிஞ்சிப்பாடிக்காரர்களுக்கு அவர்களை நிச்சயம் தெரிந்திருக்கும். ஒரே நிபந்தனை: பாட்டியின் தாள்களை வழக்கறிஞர் பார்த்த பிறகுதான் பிள்ளைகளுக்கான எந்த விண்ணப்பத்திலும் கையெழுத்து. எதை முதலில் செய்வது என்பது அவர் சொல்ல வேண்டியது.

நர்சிங் விஷயத்தில் உங்களுக்குக் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. படிப்பில் சேர்ப்பது பெரிய காரியமல்ல, படித்த பிறகு என்ன என்பதுதான் முகாம் பிள்ளைகளின் சிக்கல். நான் பல ஆண்டுகள் போய்வந்த கீழ்புத்துப்பட்டு முகாம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து புதுச்சேரிக்குப் பெயிண்ட் வாளியோடு வரும் இளைஞர்களில் பொறியியல் படித்தவர்களும் உண்டு. அரசு வேலைக்குக் குடியுரிமை கேட்கிறார்கள், பெரிய நிறுவனங்கள் பாஸ்போர்ட் கேட்கின்றன. சுவருக்கு வண்ணம் அடிக்க யாரும் எதுவும் கேட்பதில்லை. அந்தப் பெண்ணின் அப்பா ஏன் பெயிண்டராக இருந்தார் என்பதற்கும் இதுதான் பதிலாக இருக்கும். ஆகவே எந்தக் கல்லூரியிலும் கட்டணம் கட்டுவதற்கு முன், படிப்பை முடித்தால் மாநில நர்சிங் கவுன்சிலில் இவளுடைய பெயரைப் பதிவார்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். "சேருங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாயால் சொல்லும் கல்லூரியில் சேர்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் தேசியம் என்ற இடத்தில் இந்தியா என்று எழுதிவிடும் ஆசையும் வேண்டாம், பள்ளிச் சான்றிதழில் யாராவது அப்படி எழுதியிருந்தாலும் அதை இப்போதே திருத்துங்கள். பதில் பாதகமாக வந்தால் அவளுக்கு வேறு வழிகளைக் காட்ட வேண்டியிருக்கும். அந்த ஏமாற்றத்தை மூன்று நான்கு ஆண்டுகளும் சில லட்சங்களும் செலவழித்த பிறகு சந்திப்பதைவிட இப்போதே சந்திப்பது மேல். முடிவை அவள் எடுக்கட்டும். தகவல் முழுவதும் அவள் கையில் இருக்கட்டும்.

பாட்டிக்கு வருவோம். கட்டிலுக்கு அடியில் போனது நமக்குத்தான் விநோதம். குண்டு விழுந்த ஊரில் அப்படிச் செய்ததால்தான் அவர் இன்றைக்கு உங்கள் மாடியில் இருக்கிறார். உடம்பு அதை மறக்காது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்திலும் சோனாங்குப்பத்திலும் அலைச் சத்தம் சற்று உயர்ந்தால் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடிய தாய்மார்களைக் கடலூர்க்காரரான நீங்கள் பார்த்திருப்பீர்கள். அப்போது வெளியூரிலிருந்து வந்த நல்ல உள்ளங்கள் சில, நடந்ததையெல்லாம் சொல்லுங்கள், சொன்னால் பாரம் குறையும் என்று வற்புறுத்தின. சொன்னவர்கள் அன்றிரவு தூங்கவில்லை. பேரிடரையும் போரையும் கடந்தவர்களை அப்படிக் கிளறக்கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பாட்டியாகச் சொன்னால் கேளுங்கள். நீங்களாகக் கேட்காதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியது சின்னது. தெருவில் சாவு விழுந்தால், ஊர்வலம் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று விசாரித்து மாடிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கும் திருவிழா வாணவேடிக்கைக்கும் அப்படியே. எதிர்பாராமல் வரும் சத்தம்தான் அவரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறது. தெரிந்து வரும் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேரனோடு உள்ளறையில் உட்கார்ந்துகொள்ளலாம். இன்னொன்று, யாரோடும் பேசாததற்கெல்லாம் போர்தான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். வெடிச் சத்தம் கேட்கிற காதுக்கு மெதுவான பேச்சு கேட்காமல் இருக்கலாம், கண்ணில் புரை இருக்கலாம், மறதி நோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். முதலில் அரசுத் தலைமை மருத்துவமனையில் காது, கண், சர்க்கரை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிறகு மனநலப் பிரிவுக்குப் போங்கள். இன்னும் விரிவான சிகிச்சை தேவைப்பட்டால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. சாப்பாட்டை ஒதுக்குவது, தூக்கமின்மை, செத்தால் தேவலாம் என்ற பேச்சு, இவை பாட்டியிடமோ மகளிடமோ தெரிந்தால் காத்திருக்காதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அந்த அம்மா மகளிர் குழுவில் ஓரமாக உட்கார்ந்திருப்பது எனக்குக் கவலை தரவில்லை. கணவர் இறந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. அவர் யாரோடு அழுதார்? முகாமில் பக்கத்து வீட்டுக்காரி இருந்தாள், 1990இல் அதே படகில் வந்தவர்கள்கூட இருந்திருக்கலாம், நல்லது கெட்டதுக்கு நிற்க ஆள் இருந்தது. நீங்கள் முகாமிலிருந்து அவரை மீட்டுவிட்டதாக நினைக்கிறீர்கள். அவரோ தன் ஊரை இரண்டாம் முறை இழந்திருக்கிறார். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி ஒன்றும் தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வரச் சொல்லுங்கள். அங்கிருந்து யாராவது மாடிக்கு வந்து இரண்டு நாள் தங்கினால் முகம் சுளிக்காதீர்கள். அங்கே உறவு அறுபடாமல் இருந்தால்தான் இங்கே புது முகங்களைப் பார்க்கத் தெம்பு வரும். சில மாதங்கள் கழித்து, முகாமுக்கே திரும்பிப் போகிறோம் என்று அவர்கள் சொன்னாலும் அதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே பல இடங்களில் புது வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பதிவும் பணக்கொடையும் அங்கேதான் உறுதி.

கலப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பையன் எட்டாம் வகுப்பில் இருக்கிறான், அவன் ஏற்கெனவே கலந்திருப்பான். தெருவில் கிரிக்கெட் ஆடும்போது அவன் நம்மூர்ப் பிள்ளைகள் மாதிரியும், மாடியேறியதும் அம்மம்மாவிடம் அவர்கள் மாதிரியும் பேசுவதைக் கவனித்துப் பாருங்கள். அவனை அவன் போக்கில் விடுங்கள். அக்கம்பக்கத்துக்குப் பெரிய விளக்கமெல்லாம் தேவையில்லை: மாடியில் குடியிருக்கிறார்கள், வாடகை கொடுக்கிறார்கள், போலீசுக்குத் தெரியும். அவ்வளவு போதும். இரக்கம் வரட்டும் என்று அவர் கணவர் விழுந்து இறந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்; அதைச் சொல்வதா வேண்டாமா என்பது அவருடைய விருப்பம். யாராவது தையல் இயந்திரம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வந்தால், இயந்திரத்தை வாங்கிக்கொண்டு படத்துக்கு வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு வரும்வரை, அந்த ஒரு வேலையை மட்டும் அவர் சார்பில் நீங்கள் செய்யலாம்.

உங்கள் மகனுக்கும் ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது முகாம் அட்டை, பிறப்புச் சான்றுகள், ஆதார், பள்ளிச் சான்றிதழ்கள், இறப்புச் சான்று, பாட்டியின் பழைய தாள்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, தேதிவாரியாக அடுக்கி, அந்த வீட்டு மகளின் மின்னஞ்சலுக்கு அனுப்பி, இரண்டு நகல் தொகுப்பும் போட்டுக் கொடுக்கட்டும். பெயர் எழுத்துகள் ஒவ்வொரு சான்றிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்றும் அவனே பார்க்கட்டும். முகாம் அட்டையில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் என்று இருப்பது சகஜம். திருத்த மாதக்கணக்கில் ஆகும். அசல்கள் மாடியிலேயே, பாட்டியின் பெட்டியிலேயே இருக்கட்டும். பத்திரமாக இருக்கும் என்று உங்கள் பீரோவில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு மருத்துவச் சமூகப் பணியாளர்